ஐந்து கணினி, ஒரு புரோ: கல்லடிக் கணக்கு அலுவலகம் ஒன்றில் நடந்தது

2024 நவம்பர் கடைசி வாரம் மட்டக்களப்பில் எப்படி மழை பெய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. களுவாஞ்சிகுடியில் வீடு, கல்லடியில் அலுவலகம் என்று இருக்கும் கணக்காளர் அக்கா ஒருவர் அந்த வாரம் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போனார். நவம்பர் 30 வருமான வரி விபரத்திரட்டுக் கொடுக்கக் கடைசி நாள். ஏறாவூர்ப் புடவைக்கடைக்காரர், வாழைச்சேனை அரிசி ஆலைக்காரர், கல்லடிப் படகுக்காரர் என்று எல்லாரும் மாறி மாறிப் போன். கணக்கோ கல்லடியில் ஒரு டெஸ்க்டொப்புக்குள். வேடிக்கை என்னவென்றால் அலுவலகத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. கரண்ட் இருந்தது, இன்டர்நெட் இருந்தது, அந்த மெஷின்கூட நிறுத்த மறந்தபடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்கா மட்டும் 25 கிலோமீற்றருக்கு அப்பால்.

யாரிடமோ கேட்டிருக்கிறார். "உங்கட மெஷினில இருக்கிறது ஹோம். வீட்டில இருந்து உள்ளுக்குப் போக அது விடாது, புரோ வேணும்" என்று பதில் வந்திருக்கிறது. விண்டோஸில் வீட்டுக்கென்று வரும் பதிப்பு ஹோம், தொழிலுக்கென்று வரும் விலை கூடிய பதிப்பு புரோ. ஜனவரியில் அவர் என்னைக் கூப்பிட்டபோது மேசையில் ஒரு கடையின் கொட்டேஷன் கிடந்தது. ஐந்து மெஷினுக்கும் விண்டோஸ் 11 புரோ.

"தம்பி, இதில கையெழுத்துப் போடட்டா?"

ஹோமில் இருந்து புரோவுக்கு ஏறுவதற்கு மைக்ரோசொஃப்ட் தன் கடையில் கேட்கும் விலை 99 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் ஒரு மெஷினுக்கு 30,000 ரூபாவுக்குக் கிட்ட, ஐந்துக்கும் ஒன்றரை லட்சம். நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அலுவலகத்துக்கு இது சின்னக் காசில்லை. இரண்டு நாள் தாருங்கள், ஒவ்வொரு மெஷினையும் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் அந்த ஐந்தும்

முன் மேசையில் பற்றுச்சீட்டு அடிக்கும் பழைய டெஸ்க்டொப். இன்டெல் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 10 ஹோம். விண்டோஸ் 11 கேட்கும் புரொசசர் பட்டியலில் அது இல்லை. ஆகவே அதற்கு விண்டோஸ் 11 புரோ வாங்கியும் பயனில்லை. கொட்டேஷனில் ஒரு வரி இப்படியே போயிற்று.

இரண்டாவது, வவுச்சர் போடும் தங்கச்சியின் டெஸ்க்டொப். விண்டோஸ் 11 ஹோம், 24எச்2 என்ற 2024 ஆம் ஆண்டுப் பதிப்பு. கணக்கு மென்பொருளின் தரவு முழுக்க இதில்தான். வெள்ளத்தில் அக்காவுக்குத் தேவைப்பட்டது இந்த மெஷின்.

மூன்றாவதில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் உட்காருகிறார். அவருடைய மெஷினில் ஏற்கெனவே புரோ இருந்தது! "மனே, நம்மட்ட புரோ கிடக்கு, நீ பாக்கல்லியா" என்று அவர்தான் காட்டினார். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் "விண்டோஸ் 11 புரோ" என்று தெளிவாகவே நின்றது. ஆனால் லைசன்ஸ் காலாவதி ஆகும் நாளைக் காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதை அடித்தபோது இன்னும் 180 நாள்கூட இல்லாத ஒரு திகதி வந்தது. கடையில் காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸுக்கு அப்படித் திகதி இருக்காது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சேர்வர் வழியாக 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வகை அது. இந்த அலுவலகத்தில் சேர்வரே இல்லை. ஆக, யாரோ ஒரு கடைக்காரர் குறுக்கு வழியில் ஏற்றிவிட்ட புரோ. மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸுக்குள் பார்த்தால் தொழிற்சாலையிலேயே பதித்த ஹோம் லைசன்ஸ் கீ ஒன்று பத்திரமாகக் கிடந்தது. காசு கொடுத்து வாங்கிய ஹோமை எறிந்துவிட்டு அதன்மேல் களவுப் புரோ ஏற்றியிருக்கிறார்கள். இது நம் பக்கத்தில் எத்தனையோ இடத்தில் நான் பார்ப்பது. "புரோ போட்டுத் தாறன்" என்றால் வாடிக்கையாளருக்கு ஏதோ மேலதிகமாகக் கிடைத்த சந்தோஷம்.

நான்காவதும் ஐந்தாவதும் லெப்டொப். ஒன்று அக்காவுடையது. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தம்பி வாடிக்கையாளர் கடைகளுக்குப் பஸ்ஸில் போய்வருகிறார். இரண்டும் ஹோம்.

ஹோமில் இல்லாதது எது

2001 இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் ஹோம், புரொஃபெஷனல் என்ற இந்தப் பிரிவினை எங்களுக்கெல்லாம் பழக்கமானது. அன்று வித்தியாசம் கையில் பிடித்துப் பார்க்கும் அளவுக்கு இருந்தது. எக்ஸ்பி ஹோமில் பகிர்ந்த போல்டர் ஒன்றுக்குள் ஒரே நேரத்தில் ஐந்து மெஷின்தான் வரலாம், புரொஃபெஷனலில் பத்து. விண்டோஸ் 7 இல் ஸ்டார்ட்டர் என்று ஒன்று வந்து, திரைப் பின்னணிப் படத்தை மாற்றக்கூட விடாமல் வைத்திருந்தது. அந்தக் குட்டி லெப்டொப்களைக் கொண்டுவந்து "சேர், பிள்ளையின்ட படத்தப் போடேலாமக் கிடக்கு" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! இப்போது ஹோம், புரோ இரண்டிலும் 20 மெஷின் வரலாம். பைல், பிரிண்டர் பகிர்வுக்கு ஐந்து பேர் அலுவலகத்தில் ஹோமே தாராளம்.

நினைவகம் ஹோமில் 128 ஜிபி வரை, புரோவில் 2 டெராபைட் வரை. அக்காவின் மெஷின்களில் இருப்பது எட்டும் பதினாறும். டொமைனில் சேர்வது, ஹைப்பர்-வி, சாண்ட்பொக்ஸ் என்று பெரிய நிறுவனங்களும் தொழில்நுட்பக்காரர்களும் தேடும் வசதிகள் எல்லாம் புரோவில் உண்டு. இந்தக் கதைக்கு அவற்றால் ஒரு வேலையும் இல்லை. அப்டேட்டை ஐந்து வாரம் நிறுத்திவைப்பது ஹோமிலும் முடியும். புரோவில் பெரிய பதிப்பு மாற்றங்களை ஒரு வருடம் வரை தள்ளலாம். வரிக் காலத்தில் அது உதவும்தான், ஆனால் அதற்காக 30,000 ரூபா கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

மிஞ்சியது இரண்டு: தூரத்தில் இருந்து மெஷினை இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப், டிஸ்க்கில் உள்ளதை வேறு யாரும் வாசிக்காதபடி குறிமறையாக்கிப் பூட்டும் பிட்லொக்கர். இரண்டிலுமே ஊரில் ஓடும் கதை பாதிதான் சரி.

ரிமோட் டெஸ்க்டொப்பில் இரண்டு முனை இருக்கிறது. உட்கார்ந்து இயக்கும் மெஷின் ஒன்று, இயக்கப்படும் மெஷின் ஒன்று. இயக்கப்படும் மெஷின் மட்டும்தான் புரோவாக இருக்கவேண்டும். இயக்குவது ஹோமாக இருக்கலாம், போனாகக்கூட இருக்கலாம். களுவாஞ்சிகுடியில் அக்காவின் மடியில் இருக்கும் லெப்டொப்புக்குப் புரோ தேவையே இல்லை. கொட்டேஷனில் இன்னொரு வரியும் இப்படிப் போயிற்று. இதை அக்காவுக்கு விளக்கியபோது ஐயா ஒரே வசனத்தில் முடித்தார்: "பூட்டு வீட்டுக்குத்தானே மனே, திறப்ப வச்சிருக்கிறவனுக்கு என்னத்துக்குப் பூட்டு?"

புரோவே இல்லாமலும் இதைச் செய்யலாம். கூகிளின் குரோம் ரிமோட் டெஸ்க்டொப் இலவசம், ஹோமிலும் வேலை செய்யும். அதையும் ஒரு கிழமை போட்டுப் பார்த்தோம். திரையைப் பார்க்கவும் பைல் ஒன்றை எடுக்கவும் நல்லது. ஆனால் மணிக்கணக்கில் எண்களை அடித்துக்கொண்டு, வீட்டு பிரிண்டரில் அச்சும் எடுக்கவேண்டும் என்றால் விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டொப் வேறு தரம். ஹோமை ஏமாற்றி ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறக்கவைக்கும் சின்னத் துண்டு மென்பொருளும் ஊரில் சுற்றுகிறது. ஒரு பெரிய அப்டேட் வந்தால் அது விழுந்துவிடும், அது விழும் நாள் நிச்சயமாக நவம்பர் 29 ஆகத்தான் இருக்கும். லைசன்ஸ் விதிக்கும் அது பொருந்தாது. நான் தொடவில்லை.

பஸ்ஸில் போகும் லெப்டொப்

இந்த லெப்டொப்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இருபது முப்பது கடைகளின் விற்பனை, சம்பளம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதற்குள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நாட்டில் ஒன்று இருப்பதை விட்டாலும், ஏறாவூர்ச் சந்தியில் அந்தப் பை தொலைந்தால் அக்கா எந்த முகத்தோடு வாடிக்கையாளரிடம் போவார்? "ஹோமில் குறிமறையாக்கம் இல்லை, அதனால் புரோ" என்று கொட்டேஷன் கொடுத்தவர் சொன்னாராம்.

செட்டிங்ஸில் பிரைவசிப் பக்கத்தைத் திறந்தேன். டிவைஸ் என்கிரிப்ஷன்: ஒன்.

வாங்கிய நாளில் இருந்தே அந்த லெப்டொப் பூட்டித்தான் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல். பூட்டின் கீயைக் காக்கும் டிபிஎம் சிப் உள்ள இப்போதைய லெப்டொப்களில், மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைந்து அமைத்தால், ஹோமிலும் இது தானாகவே ஓடத் தொடங்கிவிடும். பிட்லொக்கரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு தானாகத் திறக்காமல் போனால் கேட்கும் மீட்புக் கீ அந்த மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய் உட்காரும்.

சரி, எந்தக் கணக்கு? பார்த்தால் யாரும் கேள்விப்படாத ஓர் ஈமெயில். விற்ற கடையில் வேலை செய்த பொடியன் அவசரத்துக்குத் தானே ஒன்றைத் திறந்து அமைத்துக் கொடுத்திருக்கிறான். அவன் இப்போது கட்டாரில். அதாவது மதர்போர்டில் ஏதாவது கோளாறு வந்து நீலத் திரை கீ கேட்டிருந்தால் இருபது முப்பது கடைகளின் கணக்கு, கட்டாரில் இருக்கும் ஒருவன் மறந்துபோன பாஸ்வேர்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்திருக்கும். திருடன் எடுத்தால் கணக்கு பத்திரம், அக்கா எடுத்தால்தான் ஆபத்து என்ற நிலைமை. இத்தனைக்கும் புரோ இருந்திருந்தாலும் இதே பொடியன் இதே வேலையைத்தான் செய்திருப்பான்.

பூட்டை முழுக்க எடுத்துவிட்டு, அக்காவின் மைக்ரோசொஃப்ட் கணக்கைச் சேர்த்து, அவர் கணக்குக்குக் கீ போகும்படி மறுபடி பூட்டினோம். செலவு இல்லை, அரை நாள் போனது. இந்த லெப்டொப்பும் ஹோமாகவே நின்றது.

செய்தது

தங்கச்சியின் டெஸ்க்டொப் ஒன்று மட்டும் புரோவுக்கு ஏறியது. மைக்ரோசொஃப்ட் கடையில் அக்காவின் கார்டில் வாங்கி, இரண்டு தரம் ரீஸ்டார்ட் ஆகி, நாங்கள் பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பைல், மென்பொருள், பிரிண்டர் எதுவும் அசையவில்லை. ஹோமில் இருந்து மேலே ஏறுவது அவ்வளவு சுலபம். இறங்குவதுதான் கஷ்டம். புரோவில் இருந்து ஹோமுக்கு வர முறையான வழி, முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது.

ஐயாவின் மெஷினுக்கு அதைத்தான் செய்தேன். ஏற்றும்போது பயாஸில் இருந்த கீயைத் தானே வாசித்து எந்தப் பதிப்பு என்று கேட்காமலே ஹோமைப் போட்டுக்கொண்டது. ஐயாவுக்கு முகம் வாடிவிட்டது. "இவ்வளவு நாளும் புரோவில இருந்த மனிசன்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். வரிக் கணக்கு வைத்திருக்கும் மெஷினில் லைசன்ஸ் இருப்பதுபோல் காட்ட யாரோ எழுதிய களவு அக்டிவேட்டர் ஓடக்கூடாது என்பதை அவருக்குக் கச்சேரிப் பாஷையில்தான் விளக்கவேண்டி வந்தது: போலி முத்திரை குத்திய பைல்.

எல்லா மெஷினிலும் எல்லாரும் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்ததையும் மாற்றினேன். வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு, மென்பொருள் ஏற்ற அக்காவிடம் தனிக் கணக்கு. ஹோமில் இதற்கு ஒரு தடையும் இல்லை. என் கணக்கில், முழு வேலையிலும் அதிகப் பாதுகாப்புத் தந்தது இந்த இலவச வேலைதான்.

ரிமோட் டெஸ்க்டொப்பை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்துவைக்கக்கூடாது. ரௌட்டரில் துவாரம் போட்டுவிட்டுப் போகும் தொழில்நுட்பக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தத் துவாரத்தைத் தேடிக்கொண்டு உலகம் முழுக்க ஆட்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். வயர்கார்ட் வகை விபிஎன் ஒன்றை, அதாவது இரண்டுக்கும் நடுவில் பூட்டிய தனிப்பாதை ஒன்றை, இரண்டு மெஷினிலும் போட்டு, அதற்குள்ளால் மட்டும் நுழையும்படி செய்தோம். பிறகு இரண்டு சின்ன வேலை. மெஷின் தூங்கப் போகாமல் பவர் செட்டிங்ஸை மாற்றியது ஒன்று. கரண்ட் போய் வந்தால் தானாகவே எழும்பும்படி பயாஸில் போட்டது மற்றது. இந்த இரண்டாவதை மறந்தால் மழைக்காலத்தில் புரோ இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

பிழையாய்ப் போனவை

அடுத்த நாள் காலை தங்கச்சி போன்: "அண்ணா, பெக்கப் போல்டர் திறக்குதில்ல." மூலையில் ஒரு பழைய நெட்வேர்க் சேமிப்புப் பெட்டி இருக்கிறது. பாஸ்வேர்ட் ஒன்றும் இல்லாமல் விருந்தாளியாகப் போய் எல்லாரும் பெக்கப் போடுவார்கள். திரையில் வந்த செய்தியின் சாரம், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை அடையாளம் காட்டாத விருந்தாளி நுழைவைத் தடுக்கிறது என்பது. "நம்மட நிறுவனத்தில யாரு இந்தக் கொள்கை போட்டது?" என்று அக்கா என்னைப் பார்த்தார்.

24எச்2 இல் இருந்து புரோ இப்படித்தான். பைல் பகிர்வில் டிஜிட்டல் கையொப்பம் கேட்கும், விருந்தாளியை விடாது. ஹோம் இந்த இரண்டிலும் இவ்வளவு கண்டிப்பு இல்லை. புரோ என்றால் ஹோமோடு நாலு வசதி கூட்டியது என்று நினைத்திருந்தேன். அது கண்டிப்பும் கூடியது என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. கொள்கையைத் தளர்த்தி ஐந்து நிமிடத்தில் திறந்து கொடுத்திருக்கலாம், இணையத்தில் எல்லாரும் சொல்லும் வைத்தியமும் அதுதான். ஆனால் தப்பு பெட்டியின் பக்கம். ஒழுங்கையில் நின்று வைபை பிடிப்பவன்கூட அந்தப் பெக்கப்பைத் திறக்கக்கூடியதாக இருந்தது. பெட்டியில் ஆளுக்கொரு பயனர் பெயர், பாஸ்வேர்ட் போட்டு, பைல் பகிரும் முறையான எஸ்எம்பியின் பழைய பதிப்பை நிறுத்தினேன். ஒரு நாள் பெக்கப் தவறியது.

இரண்டாவது பிழை முழுக்க என்னுடையது. முதல் கிழமை, மாலை நாலரை மணிக்கு அக்கா வீட்டில் இருந்து ஆசையாக உள்ளே நுழைந்தார். கல்லடியில் தங்கச்சி வவுச்சர் அடித்துக்கொண்டிருந்த திரை அப்படியே பூட்டிக்கொண்டது. அவர் பாஸ்வேர்ட் போட்டுத் திறக்க, இங்கே அக்கா வெளியே விழுந்தார். அக்கா மறுபடி நுழைய, தங்கச்சி வெளியே. இருவருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பத்து நிமிடம் கயிறிழுத்திருக்கிறார்கள். புரோவில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் இருக்கலாம், பலர் ஒன்றாக நுழைவதற்குச் சேர்வர் வேண்டும். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். அக்காவுக்குத் தனிப் பயனர் கணக்குப் போட்டேன். இப்போது அவர் நுழையப் பார்த்தால் உள்ளே இருப்பவரிடம் விடட்டுமா என்று கேட்கும். அப்புறம், ஐந்து மணிக்குப் பிறகுதான் வருவேன் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார். கணக்குத் தரவை ஆள் இருக்காத ஒரு மெஷினில் வைத்து அதையே புரோ ஆக்கியிருக்கலாம். அப்படி ஒரு மெஷின் வாங்கும் யோசனை இன்னும் பேச்சளவில் இருக்கிறது.

புரோவுக்கு வந்த மெஷினில் பிட்லொக்கரையும் போட்டோம், காசு கொடுத்தாயிற்றே. தொடக்கத்தில் பின் (PIN) இலக்கம் கேட்கும்படியும் வைக்கலாம். ஆனால் கரண்ட் போய் வந்த பிறகு மெஷின் அந்த இலக்கத்தைக் கேட்டு நின்றால் களுவாஞ்சிகுடியில் இருந்து யார் அடிப்பது? ஆகவே டிபிஎம் சிப் மட்டுமே திறக்கும்படி விட்டோம்.

மீட்புக் கீ 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். அச்செடுத்து இரும்பு அலுமாரியில் வைக்கச் சொன்னேன். ஐயா அச்சை நம்பவில்லை. மை மங்கிப் போகும் என்று சிட்டைக் கொப்பியில் தன் கையாலேயே எழுதினார். அந்த எட்டுக் கூட்டத்தில் ஒவ்வொன்றும் 11 ஆல் மீதியில்லாமல் வகுபடும், எழுத்துப் பிழையைப் பிடிக்க அப்படி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். மனிதர் கல்குலேட்டரைத் தொடவில்லை. எட்டையும் பென்சிலால் வகுத்து, ஓரத்தில் எட்டுச் சரி போட்டார்.

ஜூலையில் ஒரு பகல், நான் அக்கரைப்பற்றில் வேறொரு வேலையில் இருந்தபோது தங்கச்சி பயந்துபோய்ப் போன் எடுத்தார். மதர்போர்டின் பயாஸ் அப்டேட் வந்தது, சரி என்று அழுத்தினேன், நீலத் திரையில் ஏதோ இலக்கம் கேட்கிறது என்றார். அலுமாரி என்றேன். பின்னால் திறப்புக் கோர்வை குலுங்கியது. பிறகு ஐயாவின் குரல், கச்சேரியில் பைல் இலக்கம் சொல்வது மாதிரி ஒவ்வொன்றாக. ஐந்தாவது கூட்டத்தில் மெஷின் ஏற்கவில்லை. தங்கச்சி ஒன்றை ஏழாக அடித்திருக்கிறார்.

"புள்ள, ஏழுக்கு நான் குறுக்குக் கோடு போடுவன். கோடு இல்ல எண்டா அது ஒண்டு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் விண்டோஸ் எழும்பும் மணி கேட்டது. "மனே, நீ அங்க வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு ஐயா போனை வைத்துவிட்டார்.